நாயை விற்ற வீடு

தினமும் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் நாய் ஒருநாள் வரவில்லை. பையன் தெருவை மேலும் கீழும் பார்க்கிறான், பிறகு வீட்டுக்கு ஓடுகிறான். அங்கே அப்பா அவன் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறார். விஷயம் மெல்ல வெளியே வருகிறது: நாயை விற்றாயிற்று. 1943-இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த 'லாஸ்ஸி கம் ஹோம்' படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து யார்க்‌ஷயருக்கு அந்த நாய் மலையும் ஆறும் தாண்டித் தனியாக வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்வார்கள். விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு என்று எண்பது வருஷமாக அதற்குப் பெயர். ஆனால் நாய் ஏன் அவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டால் படம் வேறாகத் தெரியும். அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் காசாக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான், ஊர்ப் பெரிய மனிதர் விலை கொடுக்கத் தயாராக இருந்தார். சிறுவனும் நாயும் படம் என்று நாம் கொண்டாடும் வகை, அதன் நல்ல மாதிரிகளில், விசுவாசத்தைப் பற்றியதே அல்ல. ஒரு வீட்டுக்குள் அன்பு வைக்க எவ்வளவு செலவாகும், அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதைப் பற்றியது. அதனாலேயே அது மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஹாலிவுட்காரர்களைவிட நன்றாகப் புரியவேண்டிய கதை.

கதையை எழுதிய எரிக் நைட் யார்க்‌ஷயரில் பிறந்தவர். பள்ளியில் இருக்கவேண்டிய வயதில் ஆலைகளில் வேலை பார்த்து, பதினைந்து வயதளவில் அமெரிக்கா போனவர். 1938-இல் ஊருக்குத் திரும்பி, பொருளாதார மந்தத்தில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்தார். அதே வருஷம் ஒரு பத்திரிகையில் சிறுகதையாக வந்தது லாஸ்ஸி, 1940-இல் நாவலானது. படம் வெளியாகும் முன்பே, 1943 ஜனவரியில், ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். இந்தப் பின்னணியோடு பார்த்தால் படத்தில் ஒரு சின்ன விஷயம் பெரிதாகத் தெரியும். விற்ற பிறகு லாஸ்ஸி தப்பித்துத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு ஓடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது வீட்டுக்காரர்கள்தான். காசை வாங்கியாயிற்று, செலவும் ஆயிற்று. இனி அது நம்முடையதல்ல என்பது அப்பாவின் நேர்மை. மகனுக்கோ அந்த நேர்மை துரோகமாகப் படுகிறது. இரண்டு பேரும் சரி. வில்லன் இல்லாத இந்தச் சண்டைதான் படத்தை 89 நிமிடமும் இழுத்துப் பிடிக்கிறது. நாய் நடந்தது அதற்குப் பின்புலம். இன்னொரு செய்தி, கதையைவிடக் கதைபோல: லாஸ்ஸியாக நடித்த பால் என்ற ஆண் நாய் பயிற்சியாளர் ரட் வெதர்வாக்ஸிடம் வந்து சேர்ந்ததே, பழைய உரிமையாளர் பயிற்சிக் கூலிக்குப் பதிலாக நாயையே விட்டுவிட்டுப் போனதால்தான் என்று சொல்லப்படுகிறது.

சுரங்கக் கிராமத்துக்குப் பதிலாகத் தேயிலைத் தோட்டத்தை வைத்துப் பாருங்கள். கதையில் ஒரு ஆணியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள சுங்கை பாலாஸ் உட்பட இங்கே காடு வெட்டியதும் செடி நட்டதும் கொழுந்து எடுத்ததும் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே முடிச்சு. லயத்து வீடு தோட்டத்துடையது. பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் இருக்கும்வரை வீடு, பெயர் போனால் வீடும் போகும். ஓய்வு பெறும் வயதில் எங்கே போய்ப் படுப்பது என்ற கேள்வி மலேசியத் தோட்டத் தொழிலாளருக்குப் புதிதல்ல. அந்த வீட்டின் அஞ்சடியில், வாசல் ஓரத்தில், படுத்திருக்கும் நாய்க்கு, மணியோ டைகரோ, சட்டப்படி எந்த இடமும் கிடையாது. அது குடும்பத்தின் தயவில் இருக்கிறது, குடும்பம் தோட்டத்தின் தயவில் இருக்கிறது. பிள்ளைக்கு நாய் தோழன். வீட்டுக்கு இரவுக் காவல். காய்கறிக் கொல்லை போட்டிருந்தால் காட்டுப்பன்றியைத் துரத்தும் ஆள். மிச்சச் சோறுதான் சம்பளம். சோறு மிச்சமாகாத நாளில் முதலில் பட்டினி கிடப்பது எது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைக்கு மட்டும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லும் நாள்தான் இந்த வகைப் படங்களின் கதை.

தமிழில் நாயின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட கூர்மையான பாடல்களில் ஒன்று நாலடியாரில் இருக்கிறது. யானை போன்றவர் நட்பை விட்டுவிடு, நாய் போன்றவர் நட்பைத் தேடிக்கொள் என்கிறது அது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். எறிந்த வேல் உடம்பில் குத்தி நிற்கும்போதும் நாய் வாலை ஆட்டும். நட்புக்கு இலக்கணம் சொல்ல வந்த பாட்டு என்றே உரைகாரர்கள் விளக்குவார்கள். ஆனால் அந்த வேலை எறிந்தது யார்? நாயை வளர்த்தவன்தான். நாய் வாலாட்டுவதில் திருப்பம் ஒன்றும் இல்லை. அது அப்படித்தான் செய்யும் என்று பாட்டின் முதல் அடியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாதது, மனிதன் ஏன் எறிந்தான் என்பது. நல்ல இயக்குநர் கேமராவைத் திருப்ப வேண்டிய பக்கம் அது. நம் சினிமா நெடுங்காலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதோடு, நாலடியார் வேண்டாம் என்ற மிருகத்தைத்தான் முதலில் கட்டிக்கொண்டது: சாண்டோ சின்னப்பா தேவர் 'தெய்வச் செயல்' எடுத்து, அதை 1971-இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி'யாக்கி, அடுத்த வருஷமே எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேர'மாகத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றிலும் யானைதான். அவருடைய மிருகங்கள் கடவுளின் கையாட்கள். கெட்டவனைத் தண்டிக்கும், நல்லவனைக் காக்கும். விசில் அடித்துப் பார்க்கலாம், குறையில்லை. ஆனால் நியாயம் கேட்க மிருகத்தை அனுப்பிவிட்டால் மனிதர்களுக்குப் படத்தில் பொறுப்பு எதுவும் மிஞ்சாது.

பொறுப்பை முழுக்க மனிதன் தலையில், அதுவும் ஒரு பையன் தலையில் வைத்த படம் 1957-இல் டிஸ்னி தயாரித்து ராபர்ட் ஸ்டீவன்சன் இயக்கிய 'ஓல்ட் யெல்லர்'. ஃபிரெட் கிப்ஸன் முந்தின வருஷம் எழுதிய நாவல்தான் மூலம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகான டெக்சாஸ். மாடு ஓட்டிக்கொண்டு போய்க் காசாக்க அப்பா கான்சாஸ் கிளம்புகிறார். மூத்தவன் டிராவிஸ் வீட்டுக்கு ஆண்பிள்ளையாகிறான். எங்கிருந்தோ வந்த மஞ்சள் நிற நாய் தொங்கவிட்ட இறைச்சியைத் திருடித் தின்கிறது. டிராவிஸ் அதைச் சுடவே பார்க்கிறான். வைத்துக்கொள்வோம் என்பது தம்பி ஆர்லிஸின் பிடிவாதம். நாய் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் உழைத்துக் கணக்குத் தீர்க்கிறது. தம்பியைக் கரடியிடமிருந்தும், டிராவிஸைக் காட்டுப்பன்றிக் கூட்டத்திடமிருந்தும் காப்பாற்றுகிறது. கடைசியில் அம்மாவைக் காப்பாற்றும்போது வெறிபிடித்த ஓநாயிடம் கடிபடுகிறது. இங்கே படம் அவசரப்படவில்லை என்பதுதான் அதன் பெருமை. உடனே சுட்டுவிடலாம் என்ற பேச்சு வருகிறது. டிராவிஸ் மறுக்கிறான், சோளக் கொட்டகையில் அடைத்துவைத்துப் பார்ப்போம் என்கிறான். நாட்கள் நகர்கின்றன. ஒன்றும் ஆகவில்லை என்று நம்பத் தொடங்கும்போது, சோறு கொண்டுபோகும் பையனைப் பார்த்து அந்த நாய் பல்லைக் காட்டுகிறது. துப்பாக்கியை அம்மா எடுத்து வருகிறாள். தானே செய்கிறேன் என்று வாங்கிக்கொள்பவன் டிராவிஸ். நாலடியார்ப் பாட்டில் வேல் எறிந்தவனுக்கு முகம் இல்லை. இந்தப் படம் அவனுக்கு ஒரு பையனின் முகத்தைக் கொடுத்து, எறிவதைத் தவிர வேறு வழி இல்லாமலும் செய்துவிடுகிறது.

குழந்தைகள் படத்தில் கூலியையும் விலையையும் தேடுவது வேலையற்ற வேலை, பிள்ளைகள் நாய்க்காக அழுகிறார்கள், பொருளாதாரத்துக்காக அல்ல என்று ஒருவர் சொல்லலாம். அழுகை நாய்க்காகத்தான், சந்தேகமில்லை. ஆனால் நாய் செத்துப்போகும் படங்கள் எத்தனையோ உண்டு. வெறும் சாவு அழவைத்துவிடுமானால் அவையெல்லாம் நினைவில் நின்றிருக்க வேண்டும். நிற்பவை சில. அவற்றிலெல்லாம் பிள்ளை ஒரு முடிவுக்கு எதிரே நிற்கிறது. அந்த முடிவை எடுத்தவர்கள் அதை நேசிக்கும் பெரியவர்கள், அவர்களுக்கும் வேறு போக்கு இல்லை. குழந்தைக்கு உலகம் முதல்முறையாகக் கையை மீறுவது அங்கேதான். அம்மா நகையை அடகு வைத்ததும், அப்பா வேலை போனதும் சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரியாது. நாய் இல்லை என்பது புரியும். லாஸ்ஸி படத்து ஜோவுக்குச் சுரங்கம் மூடியதன் அர்த்தம் பள்ளி வாசலில் நாலு மணிக்குத்தான் விளங்கியது. பொருளாதாரத்தைக் கதைக்குள் நான் கொண்டுவந்து திணிக்கவில்லை. ஆலைத் தூசியில் வளர்ந்த எரிக் நைட் அதைக் கதையின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

இந்த அளவுகோலோடு நம் பக்கம் வந்தால் முதலில் கண்ணில் படுவது 'ஓ மை டாக்'. 2022 ஏப்ரல் 21-இல் அமேசான் பிரைமில் வந்தது. இயக்கம் சரோவ் சண்முகம், தயாரிப்பு சூர்யா - ஜோதிகாவின் 2டி நிறுவனம். விஜயகுமார், அருண் விஜய், அர்ணவ் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை தாத்தா, அப்பா, பையனாக நடித்தது. இடம் ஊட்டி, பனி, சரிவு, குளிர் என்று பிரிஞ்சாங்காரருக்கு அந்நியமாகத் தோன்றாத நிலம். தொடக்கமும் சரியான தொடக்கம்தான். பார்வையில்லாமல் பிறந்த சைபீரியன் ஹஸ்கி குட்டி. போட்டிகளில் கோப்பை வெல்ல நாய் வளர்க்கும் பணக்காரருக்கு அது உதவாத சரக்கு, அதனால் தீர்த்துக்கட்டச் சொல்கிறார். அந்தக் குட்டி அர்ஜுன் என்ற பையன் கையில் வந்து சேர்கிறது. விலை இல்லாத உயிருக்கு ஒரு பையன் இடம் கொடுக்கிறான் என்ற இந்த முடிச்சை அப்படியே வளர்த்திருந்தால் தமிழுக்கு ஒரு உன்னதப் படம் கிடைத்திருக்கும். படம் என்ன செய்கிறது? அறுவைச் சிகிச்சை செய்து பார்வை வரவழைத்து, அதே நாய்ப் போட்டியில் அந்தக் குட்டியை இறக்குகிறது. கோப்பைக்கு உதவாத நாய்க்கும் வாழ உரிமை உண்டு என்று தொடங்கி, கோப்பையை வைத்து அதை நிரூபிப்பது தன் வாதத்தைத் தானே தோற்கடிப்பது. குடும்பத்துக்குப் பணக் கஷ்டம் இருக்கிறது, அப்பாவின் முகத்தில் அது தெரியவும் செய்கிறது. ஆனால் நாய்க்கும் அந்தக் கஷ்டத்துக்கும் நடுவே பையன் நசுங்குவதில்லை. நசுக்குவதற்கு வினய் ராய் என்ற வில்லன் தனியாக இருக்கிறார். ஊட்டியைச் சுற்றித் தேயிலை இருக்கிறது, தேயிலை எடுக்கிறவர்களின் வீடு கதையின் நடுவில் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க உகந்த படம் என்பதை மறுக்கவில்லை. அதற்குமேல் போவதற்கான வாசலை அதுவே திறந்து அதுவே சாத்திவிட்டது.

மறுபக்கம், யாரும் நாய்ப்படம் என்று அழைக்காத ஒன்றுதான் தமிழில் இந்த வகையின் உச்சம். 2018-இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்'. அதன் நாயகன் பரியன் சிறுவன் அல்ல, சட்டக் கல்லூரிக்குப் போகப்போகிற இளைஞன். குடும்பப் படம் என்ற சீட்டும் அதற்குப் பொருந்தாது. ஆனாலும் கருப்பி என்ற வேட்டை நாய் இல்லாமல் அந்தப் படம் இல்லை. தொடக்கத்தில் நண்பர்கள் நாய்களோடு தண்ணீரில் இறங்கிக் குளிக்கிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரர்கள் வருகிறார்கள். இவர்கள் விலகிப் போகிறார்கள். பின்னாலேயே கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிவிடுகிறார்கள். பரியன் ஓடுகிறான், ரயில் முந்திவிடுகிறது. கருப்பி செய்த குற்றம் பரியனுடைய நாயாக இருந்தது. லாஸ்ஸியில் முடிவு ஊர்ப் பிரபுவின் கையில் இருந்தது, ஓல்ட் யெல்லரில் வீட்டின் கையில் இருந்தது. இங்கே சாதியின் கையில். எவன் வேல் எறிகிறான் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மண்ணும் தன் பதிலைச் சொல்லியாக வேண்டும், திருநெல்வேலிச் சீமையின் பதிலை மாரி செல்வராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னார். நாய் கோப்பை வெல்லவில்லை, யாரையும் தண்டிக்கவில்லை. அதன் சாவை மனிதர்கள்தான் சுமக்கிறார்கள்.

மலேசிய மண்ணின் பதில் என்ன? சிறுவன் நமக்கு இருக்கிறான். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதை. கற்பனை வளம் மிக்க பன்னிரண்டு வயது அப்போய், படி படி என்று அடிக்கும் அப்பாவுக்கும் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் திசைமாறுகிறான். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில், மொழிவாரியாகப் படங்களைப் பிரித்ததற்கு எதிராகக் கிளம்பிய பெரும் சர்ச்சைக்குப் பிறகு, சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. 'ஜகாட்' வருவதற்குப் பத்து வருஷம் முன்பே தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை'யில் அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தையும் படிக்க ஏங்கும் பெண்ணையும் காட்டிவிட்டார். ஆகத் தோட்டம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, வறுமையும் அப்பாவின் கோபமும் இருக்கின்றன. நாய் மட்டும் கதைக்குள் வரவில்லை. அஞ்சடியில் எப்போதும் படுத்திருந்ததால் அது கதையாகத் தோன்றவில்லை போலும்.

நாயை நடுவில் வைத்து மலேசியாவில் படம் எடுப்பது வம்பு என்ற எண்ணமும் காரணமாக இருக்கலாம். 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பார்க்க ஒரு நிகழ்ச்சி நடந்து, ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து, பின்பு நாடே அதைப் பற்றி விவாதித்தது. ஏற்பாட்டாளருக்கு மிரட்டல் வரை போனது. அண்டை வீட்டாரின் சமய உணர்வு விளையாட்டல்ல. ஆனால் அந்த உணர்வே ஒரு நல்ல திரைக்கதைக்கு உள்ளே வரவேண்டிய பொருள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே மலையில் வளரும் இடத்தில், ஒரு வீட்டின் செல்லம் இன்னொரு வீட்டு வாசலில் ஏறக்கூடாது என்பதைப் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை வேறெந்த நாட்டுப் படமும் காட்ட முடியாது. தெருநாய் கடிக்கிறது, வெறிநோய் பரப்புகிறது, அதைப் போய் அழகுபடுத்துவதா என்ற கேள்விக்கும் இடம் உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் தலைகாட்டியபோது பினாங்கில் தெருநாய்களைக் கொல்வதைப் பற்றிக் கடும் வாக்குவாதம் எழுந்தது. சரவாக்கில் 2017 முதல் அந்த நோய் மனித உயிர்களையும் கொண்டுபோகிறது. இதை மறைக்கும் படம் பொய்ப்படம். 'ஓல்ட் யெல்லர்' மறைக்கவில்லை. அதன் நெஞ்சே வெறிநோய்தான். அழகுபடுத்தாமல் அன்பைக் காட்ட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்புக்குப் பதில் சொல்வது கொஞ்சம் கடினம். தோட்டத் தமிழர் கதை முடிந்துவிட்டதே, இன்று செடிகளுக்கு நடுவே நிற்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அல்லவா? உண்மைதான். பிள்ளைகள் கடைக்கும் ஹோட்டலுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஆனால் அந்த இறக்கத்திலேயே கதை இருக்கிறது. லயத்து வீட்டைக் காலி செய்து அடுக்குமாடி வீட்டுக்குப் போகும் குடும்பம் பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றும், சாமி படத்தை மடியில் வைத்துக்கொள்ளும். நாயை என்ன செய்யும்? நாய் வளர்க்க உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும், அடுக்குமாடியில் அது சுலபமாகக் கிடைப்பதல்ல. யாரும் கெட்டவர் அல்லர். தோட்டம் வீட்டைத் திருப்பிக் கேட்கிறது, அப்பாவுக்கு வேறு வழியில்லை, மன்றத்துக்கு விதி இருக்கிறது. எரிக் நைட் 1938-இல் யார்க்‌ஷயரில் கண்ட அதே வில்லனில்லாத நெருக்கடி, 1,500 மீட்டர் உயரத்தில், பனியோடும் தேயிலை மணத்தோடும் தயாராகக் கிடக்கிறது. ஹஸ்கி இறக்குமதி செய்யத் தேவையில்லை. பிரிஞ்சாங் இரவுச் சந்தையின் ஓரத்தில் படுத்திருக்கும் ஏதோ ஒரு செவலை நாய் போதும்.

எடுப்பவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். லாஸ்ஸி படம் எவ்வளவு நேர்மையோ அவ்வளவும் கடைசிப் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடுகிறது. நைந்து திரும்பி வந்த நாயைப் பார்த்து, இது தன்னுடைய நாயே அல்ல என்று பிரபு பெருந்தன்மையாகப் பொய் சொல்கிறார். ஜோவின் அப்பாவுக்குத் தன் நாய்ப்பண்ணையில் வேலையும் தருகிறார். துரை மனம் இரங்கியதால் வீடு பிழைத்தது. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இந்த முடிவு நன்றாகப் பழக்கம், போதுமானதல்ல என்பதும் தெரியும். ஆகவே பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் பள்ளி ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகளோடு படம் பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: 'லாஸ்ஸி கம் ஹோம்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள், பிரபு வேலை கொடுக்கும் காட்சிக்கு முன் நிறுத்துங்கள். அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால் நாய் எந்த வீட்டில் இருந்திருக்கும் என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதில்களை எழுதி வையுங்கள். மலேசியத் தமிழில் எடுக்கப்படாத அந்தப் படத்தின் திரைக்கதை அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.